அபே இடிபாடுகளை கறுப்பு வெள்ளைல எடுத்தா எல்லாமே ஒரே சாம்பலா வருது, சிவப்பு ஃபில்டர் போட்டா சரியாகுமா?

சாம்பல்பூனை:
எல்லாருக்கும் வணக்கம். யார்க்‌ஷயர் பக்கம் (இங்கிலாந்து) ஃபவுண்டன்ஸ் அபே, ரீவோ அபேன்னு ரெண்டு பழைய துறவி மட இடிபாட்டையும் எடுத்துட்டு வந்திருக்கேன், முழுக்க கறுப்பு வெள்ளைக்குன்னே போனது. டிஜிட்டல்ல ரா ஃபைல், கூடவே பழைய கேமராவுல இல்ஃபோர்ட் எஃப்பி4 ஃபிலிம். நேர்ல நின்னு பாக்கறப்ப கல்லு தேன் நிறம், கீழ புல்வெளி பச்சை, ரெண்டும் தனித்தனியா நல்லாத்தான் தெரியுது. கறுப்பு வெள்ளை ஆக்கினதும் சுவரு ஒரு சாம்பல், புல்லும் அதே சாம்பல், வானம் வெறும் வெள்ளை. கான்ட்ராஸ்ட்டை ஏத்தினா நிழல் பூரா கரியாகி செதுக்கு வேலையெல்லாம் காணாமப் போகுது. நெட்டுல பாக்கற படத்துல எல்லாம் வானம் கறுத்து இப்பவே இடி விழப்போற மாதிரி இருக்கு, அது எப்படி வருதுன்னே புரியல. சிவப்பு ஃபில்டர் வாங்கினா தீருமா? ஃபவுண்டன்ஸ் அன்னிக்கு முழுநாள் மூட்டம், ரீவோ அன்னிக்கு நல்ல வெயில், ரெண்டுலயும் ஒரே ரிசல்ட் வந்ததுதான் கடுப்பு.

பிக்சல்பாண்டி:
ப்ரோ டிஜிட்டலுக்கு ஃபில்டர் வாங்கி காசைக் கரியாக்காதீங்க. ரா ஃபைலைத் திறங்க, கறுப்பு வெள்ளைக்கு மாத்துங்க, நீல ஸ்லைடரை கீழ இழுங்க, ஆரஞ்சையும் மஞ்சளையும் மேல தள்ளுங்க. வானம் கறுக்கும், கல்லு வெளுக்கும், முடிஞ்சுது கதை. ஃபிலிமுக்கு மட்டும் 25ஆம் நம்பர் சிவப்பு ஃபில்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. எனக்கெல்லாம் அபேன்னாலே வானம் மிரட்டணும்.

இருட்டறைவாசி:
பாண்டி சொல்றது பாதிதான் வேலைக்காகும் தம்பி.

மூட்டமான வானத்துல நீலமே கிடையாது. மேகம் நிறமில்லாத சாம்பல், அது முன்னாடி எந்தக் கலர் கண்ணாடியை வச்சாலும் மொத்த வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைக்குமே தவிர வானத்தை மட்டும் தனியா கறுப்பாக்காது. ஸ்லைடரும் அதே கதைதான், இழுக்கறதுக்கு அங்க நீலம் இருந்தாத்தானே. அதனால ஃபவுண்டன்ஸ் படத்துக்கு சிவப்பு ஃபில்டர் ஒண்ணும் பண்ணியிருக்காது.

வெயில் நாளுக்கு வருவோம். சிவப்பு 25 போட்டா மூணு ஸ்டாப் போயிடும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது), அதுகூடப் பரவாயில்ல. ஆனா நிழல்ல இருக்கற சுவருக்கு வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க, தலைக்கு மேல இருக்கற நீல வானத்துலேருந்துதான் வருது. சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுக்குற ஃபில்டர். அப்ப அது வானத்தைக் கறுப்பாக்கற அதே வேகத்துல நிழல் சுவரையும் கறுப்பாக்கிடும். கூரை போன தேவாலயத்துக்குள்ள நின்னா ஒரு பக்கச் சுவர் எந்நேரமும் நிழல்லதான் இருக்கும், தூணுக்குப் பின்னாடி, வளைவுக்கு உள்பக்கம், ஜன்னல் ஓரத்து மடிப்பு எல்லாமே நிழல்தான். அங்கதான் கொத்தனோட உளித்தடம் இருக்கு. மிரட்டுற வானத்துக்காக அதைப் பலி குடுக்கறோம். நெட்டுல பாக்கற படத்துல முக்காவாசி இப்படித்தான், வானம் பிரமாதம், கீழ கல்லுன்னு ஒண்ணு இருந்ததான்னே தெரியாது.

உங்க பிரச்சனை வானமே இல்ல, புல்லும் சுவரும்தான். வெயில் மழைல ஊறின மணற்கல்லும் வெட்டி விட்ட புல்லும் பிரகாசத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கிற பொருள், நடுச்சாம்பலை ஒட்டி. கண்ணு அதை நிறத்தை வச்சுப் பிரிக்குது. நிறத்தை எடுத்துட்டா ரெண்டும் ஒட்டிக்கும். அதனால கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணும்: இந்தப் படத்துல கல்லு புல்லைவிட வெளிச்சமா இருக்கணுமா, இருட்டா இருக்கணுமா? கல்லு வெளிச்சம்னா ஆரஞ்சு ஃபில்டர், ரெண்டு ஸ்டாப். கல்லு இருட்டுன்னா பச்சை, அதுவும் ரெண்டு ஸ்டாப் பக்கம். சும்மா மேகத்தைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டினாப் போதும்னா மஞ்சள், ஒரு ஸ்டாப். எது போட்டாலும் புல்லு நீங்க நெனக்கிற அளவு மாறாது, ஏன்னா புல்லோட பச்சைல மஞ்சளும் சிவப்பும் நிறைய கலந்திருக்கு. மாறுறது பெரும்பாலும் கல்லுதான்.

இன்னொண்ணு, எந்த ஃபில்டரும் இல்லாம இதைச் செய்யறது மழை. மணற்கல் தண்ணிய உறிஞ்சினா நல்லாக் கறுத்துடும், புல்லு அந்த அளவு கறுக்காது. மழை விட்டு அரைமணி நேரத்துல போய் நில்லுங்க, ரெண்டும் தானாப் பிரிஞ்சு நிக்கும்.

சும்மாவந்தேன்:
மழை டிப் சூப்பர் அண்ணே. இங்கிலாந்துல மழைக்குப் பஞ்சமா என்ன.

பிக்சல்பாண்டி:
அண்ணே நிழல் விஷயம் ஒத்துக்கறேன், ஆனா டிஜிட்டல்ல அது பிரச்சனையே இல்ல, வானத்தை மட்டும் மாஸ்க் பண்ணிக் கறுப்பாக்கலாம், நிழலைத் தனியா ஏத்திக்கலாம். ஃபிலிம் பொழப்பை வச்சு டிஜிட்டலை எடை போடாதீங்க 😄

இருட்டறைவாசி:
பண்ணலாம் பாண்டி, யாரு வேணாம்னா. ஆனா அபேல வானத்துக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற எல்லை நேர்க்கோடா இருக்கா? உடைஞ்ச சுவர் உச்சி, அதுல முளைச்ச செடி, ஜன்னல்ல மெலிசா நிக்கிற கல் பின்னல். நீலத்தை ரொம்பக் கீழ இழுத்தா அந்த ஓரம் பூரா வெள்ளை விளிம்பு கட்டிக்கும், வானத்துல குருணை (நாய்ஸ்) கொட்டும். திரையில சின்னதா பாத்தா தெரியாது, பிரிண்ட் போட்டா பல்லிளிக்கும். நீலத்தை மைனஸ் இருபது முப்பதோட நிறுத்திட்டு மிச்சத்தை வெளிச்சம் பாத்து எடுக்கறதுதான் மரியாதை.

கல்வெட்டுக்காரி:
வெளிச்சம்னு வந்ததால நானும் உள்ள வரேன். எனக்கு கேமரா சுமாராத்தான் தெரியும், கட்டடம் கொஞ்சம் தெரியும்.

அபேக்குப் போறதுக்கு முன்னாடி அதோட தரைப்படத்தை ஒரு தடவை பாருங்க தம்பி. சிஸ்டர்சியன்ங்கற கிறிஸ்தவத் துறவிகள் கட்டினது எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு: தேவாலயம் மேற்கு-கிழக்கா நீளும், பீடம் கிழக்குல, தெற்குப் பக்கம் ஒட்டினாப்ல சதுர முற்றம், அதைச் சுத்தி தாழ்வாரம், அதுக்கு அப்பால சாப்பாட்டுக்கூடம், படுக்கைக்கூடம். இது தெரிஞ்சா வெயில் எப்ப எங்க விழும்னு வீட்டுலயே கணக்குப் போட்டுடலாம். கிழக்கு ஜன்னல் காலைல, மேற்கு முகப்பு சாயங்காலம், தெற்குச் சுவர் பூரா பகல், வடக்குச் சுவரு கோடைல விடியக்காலமும் பொழுது சாயற நேரமும் தவிர வெயிலே பாக்காது. ஃபவுண்டன்ஸ் இந்தக் கணக்குக்கு அச்சு அசல்.

ஆனா ரீவோ மாறிப் போச்சு. அது இடுக்கான பள்ளத்தாக்குல மாட்டிக்கிட்டதால தேவாலயத்தையே திருப்பிக் கட்டினாங்க, கிட்டத்தட்ட வடக்கு-தெற்கா கிடக்கு. நீங்க 'கிழக்கு ஜன்னல்'னு பலகைல படிக்கறது நிஜத்துல தெற்கைப் பாத்து நிக்குது. அதோட பலன் என்னன்னா, மத்த எல்லா அபேலயும் மதிய வெயில் செத்த வெயில், ரீவோல மதியத்தை ஒட்டித்தான் வெயில் நீளமான சுவர்களை உரசிக்கிட்டுப் போகும். ஒவ்வொரு வரிசைக் கல்லும் பக்கத்துக் கல்லு மேல நிழல் போடும். நீங்க அங்க எத்தனை மணிக்கு எடுத்தீங்க?

டின்டர்ன் அபே இன்னொரு விதிவிலக்கு, அங்க முற்றம் வடக்குப் பக்கம், ஆறு அந்தப் பக்கம் ஓடுறதால. அதனால அங்க தேவாலயத்தோட தெற்குச் சுவரு எந்த ஒட்டுக் கட்டடமும் இல்லாம முழுசா வெயிலுக்குத் திறந்து கிடக்கு.

சாம்பல்பூனை:
அக்கா இது எனக்குச் சுத்தமா தெரியாது! சாயங்காலம் தங்க வெயில்னு சொல்வாங்களேன்னு அஞ்சு மணிக்கு மேல போனேன்.

கல்வெட்டுக்காரி:
அப்ப சூரியன் மேற்குல, நீளச்சுவரும் மேற்கைப் பாத்து நிக்குது, நேரா மூஞ்சில அடிச்சிருக்கும். கலர்ல அழகா இருக்கும். கறுப்பு வெள்ளைல தட்டையாத்தான் போகும், தங்க நிறம்தான் அங்க சரக்கே, அதைத்தான் நீங்க கழட்டிட்டீங்களே.

இருட்டறைவாசி:
அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு சேர்த்துக்கறேன். யார்க்‌ஷயர் இருக்கறது வடக்கே சுமார் 54 டிகிரில. டிசம்பர் கடைசில நடுமதியத்துலயே சூரியன் அடிவானத்துக்கு மேல 12 டிகிரிதான் ஏறும். ஜூன்ல 59. அதாவது குளிர்காலத்துல பகல் பூரா உங்களுக்குச் சாய்வு வெயில், விடியக்காலம் எழுந்து ஓட வேண்டியதே இல்ல. மரத்துல இலையும் இருக்காது, பள்ளத்தாக்குல இருக்கற அபேக்கு அது பெரிய உபகாரம். இந்த ஊரு அபே எல்லாம் காலைல பத்து மணிக்கு மேலதான் கேட்டைத் திறக்கறாங்க, கோடைல அதுக்குள்ள வெயில் உச்சிக்கு ஏறிடும். என் கணக்குல கறுப்பு வெள்ளை அபே படத்துக்கு சீசன் நவம்பர்லேருந்து பிப்ரவரி, ஆனா குளிர்காலத்துல வார இறுதி மட்டும் திறக்கற இடமும் உண்டு, பாத்துட்டுக் கிளம்புங்க.

செவ்வொளி:
யாருமே இன்ஃப்ராரெட்டை (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) பத்தி வாயே திறக்கலையே? புல்லும் சுவரும் ஒட்டிக்குது, அதானே பிரச்சனை? இன்ஃப்ராரெட்ல புல்லு பனி மாதிரி வெள்ளையாயிடும், கல்லு நடுச்சாம்பல், நீல வானம் கறுப்பு. மூணும் மூணு மூலைக்குப் போயிடும், எந்த ஸ்லைடரும் தொட வேணாம்.

காரணம் எளிசு. இலைல இருக்கற பச்சையம் இன்ஃப்ராரெட்டை உறிஞ்சாது, விட்டுடும், இலைக்குள்ள இருக்கற செல் அமைப்பு அதைச் சிதறடிச்சுத் திருப்பி அனுப்பிடும். இதுக்கு வுட் எஃபெக்ட்னு பேரு, வுட்ங்கறது மரம் இல்ல, ராபர்ட் வுட்னு ஒரு இயற்பியல்காரர், 1910ல இந்த மாதிரிப் படங்களை முதல்ல வெளியிட்டவர்.

ஃபிலிம்ல எல்லாரும் ஏங்குறது கோடக் எச்ஐஇ, அதை 2007ல நிறுத்திட்டாங்க. இப்ப இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் 400 இருக்கு. எஸ்எஃப்எக்ஸ் 740 நானோமீட்டர் வரைக்கும்தான் பாக்கும், அதனால 720க்குக் கீழ உள்ள ஒளியைத் தடுக்கற 720 ஃபில்டர் போட்டா எஃபெக்ட் லேசாத்தான் வரும், எக்ஸ்போஷர் நீளமாயிடும், ட்ரைபாட் கட்டாயம். ஃபில்டர் போட்டா வியூஃபைண்டர்ல ஒண்ணும் தெரியாது, முதல்ல ஃப்ரேமும் ஃபோகஸும் வச்சுட்டு அப்புறம் மாட்டணும், பழைய லென்ஸ்னா ஃபோகஸ் வளையத்துல சிவப்புப் புள்ளி ஒண்ணு இருக்கும், அங்க தள்ளிக்கணும். டிஜிட்டல்னா சென்சார் முன்னாடி இருக்கற தடுப்புக் கண்ணாடியைக் கழட்டி மாத்தின கேமரா வேணும், சாதா கேமராவுல நிமிஷக்கணக்கா திறந்து வைக்கணும்.

ஆனா மூட்டமான நாள்ல எடுக்காதீங்க, இன்ஃப்ராரெட்டுக்கு வெயில் வேணும். அதனால இது இருட்டறை அண்ணனோட நவம்பர் சீசனுக்கு நேர் எதிர், இதுக்கு மே ஜூன்தான், புல்லும் இலையும் புதுசா இருக்கற நேரம்.

கல்வெட்டுக்காரி:
எனக்கு இன்ஃப்ராரெட் அபே பிடிக்காதுன்னு பகிரங்கமா சொல்லிடறேன், செவ்வொளி கோச்சுக்கக் கூடாது. வெள்ளை மரம், கறுப்பு வானம், பேய் வீடு. ஒவ்வொரு இடிபாடும் ஒரே பேய் வீடாயிடுது, ஃபவுண்டன்ஸா விட்பி அபேயான்னு சொல்ல முடியல.

இந்த இடமெல்லாம் வயசாகி தானா விழுந்த கட்டடம் இல்ல. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1536லேருந்து 1540க்குள்ள எல்லா மடத்தையும் மூடினார், டின்டர்ன் 1536, ரீவோ 1538, ஃபவுண்டன்ஸ் 1539. மூடின கையோட கூரையில இருந்த ஈயத்தை உரிச்சு, அதே கூரையோட மரத்தை எரிச்சு உருக்கிப் பாளமாக்கினாங்க. ரீவோல அந்தப் பாளங்கள் சிலது இடிஞ்ச கல்லுக்கு அடியில மாட்டிக்கிட்டு கிடந்து, 1920கள்ல மண்ணை அள்ளும்போது அரச முத்திரையோட கிடைச்சுது. கூரை போனா மழை உள்ள இறங்கும், உத்திரம் உளுக்கும், அப்புறம் ஊர்க்காரங்க கல்லை வீடு கட்ட எடுத்துட்டுப் போவாங்க. அதாவது நாம எடுக்கறது ஒரு பறிமுதல் நடந்த இடம். எனக்கு அங்க மர்மம் தெரியல, கணக்கெழுதி வச்சுப் பண்ணின வேலைதான் தெரியுது. சுவர்ல வரிசையா ஓட்டை தெரியும் பாருங்க, தரைப்பலகை தாங்கின உத்திரம் சொருகின ஓட்டை, அந்தரத்துல தொங்குற கணப்பு, எங்கயும் போகாத படிக்கட்டு. இதெல்லாம் தெளிவா, நிதானமா, நிழல் கெடாம எடுத்தாலே கலங்கடிக்கும்.

பிக்சல்பாண்டி:
அக்கா இது உங்க ரசனை, சட்டம் இல்ல. கோட்டோவியம் போட்டவன்லேருந்து எல்லாரும் இடிபாட்டை மிகைப்படுத்தித்தான் காட்டியிருக்காங்க, படம் எடுக்கறவன் மட்டும் ஏன் சர்வே ஆபீசர் மாதிரி எடுக்கணும்?

கல்வெட்டுக்காரி:
மிகைப்படுத்தலாம். ஆனா எதை மிகைப்படுத்தறோம்னு தெரிஞ்சு பண்ணலாமே.

அந்தக் காலத்துப் படத்தையே எடுத்துக்கோங்க. ரோஜர் ஃபென்டன் 1850கள்ல ரீவோ, ஃபவுண்டன்ஸ், டின்டர்ன் எல்லாம் எடுத்திருக்கார். அந்தப் படங்கள்ல கல்லு மேல ஐவி கொடி அப்பிக் கிடக்கும், தரை மேடும் பள்ளமுமா இருக்கும். இப்ப நம்ம பாக்கற பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி புல்வெளி எல்லாம் 20ஆம் நூற்றாண்டு வேலை. ரீவோ 1917ல அரசு கைக்கு வந்துது, உலகப்போர்லேருந்து திரும்பின சிப்பாய்களை வச்சு மண்ணை அள்ளினாங்க, கொடியை உரிச்சாங்க, சுவரைக் கெட்டிப்படுத்தினாங்க, சுத்தியும் புல்லு போட்டாங்க. அப்ப தொல்சின்னங்களுக்குத் தலைமை ஆய்வாளரா இருந்த சார்ல்ஸ் பியர்ஸ் வகுத்த பாணி அது. தம்பியோட படத்துல பாதி ஃப்ரேமைச் சாப்பிடற அந்தச் சாம்பல் புல்லுக்கு நீங்க அவரைத்தான் கேக்கணும்.

சும்மாவந்தேன்:
எங்க தம்பியோட பிரச்சனை 1917லயே ஆரம்பிச்சிருக்கு 😂

இருட்டறைவாசி:
அக்கா ஃபென்டனை இழுத்தது நல்லதாப் போச்சு. அவரு காலத்து ரசாயனம் நீலத்தை மட்டும்தான் பாக்கும், அதனால வானம் எப்பவும் வெறும் வெள்ளை. அதே காலத்துல ஃபிரான்ஸ்ல குஸ்தாவ் லு கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு ரெண்டை ஒட்டி பிரிண்ட் போட்டிருக்கார், ஆக பாண்டி பண்ற மாஸ்க் வேலை புதுசு இல்ல. எல்லா நிறத்தையும் பாக்கற பேன்குரோமாட்டிக் பிளேட்டு கடைக்கு வந்ததே 1906ல. அதுவரைக்கும் எடுத்தவங்க எல்லாரும் வெள்ளை வானத்தோடதான் குடும்பம் நடத்தினாங்க, வானத்தை ஒரு வெள்ளை வடிவமா வச்சு ஃப்ரேமை கட்டினாங்க. உடைஞ்ச ஜன்னல் கறுப்பு, அதுக்குள்ள வெள்ளை. மூட்டமான நாள்ல நாமளும் அதையே பண்ணலாம், இல்லன்னா வானமே வராம உள்ளுக்குள்ள திரும்பிடலாம்.

நான் இப்பல்லாம் மூட்ட நாளுக்கு ஆர்த்தோ ஃபிலிம்தான் எடுத்துட்டுப் போறேன், இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் 80. அது சிவப்பைப் பாக்காது. டின்டர்ன் கல்லு சிவப்பு மணற்கல் வகை, ஊதா கலந்த சிவப்புலேருந்து மங்கின மஞ்சள், சாம்பல் வரைக்கும் கல்லுக்குக் கல்லு நிறம் மாறும். கண்ணுக்கு அது அழகு, பேன்குரோமாட்டிக்ல எல்லாம் சமமா போயிடும், ஆர்த்தோல சிவந்த கல்லு கறுத்து, வெளிறின கல்லும் அது மேல படிஞ்ச பாசிக்காளானும் வெள்ளையா மேல வரும். சுவர் பூரா கட்டம் கட்டமா உயிர் வந்துடும். ஃபர்னஸ் அபே, லிண்டிஸ்ஃபார்ன் ரெண்டும் இன்னும் சிவப்பு, அங்க சிவப்பு ஃபில்டர் போட்டீங்கன்னா 800 வருஷத்துக் கறையும் வெளுத்து நேத்து வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடும். டிஜிட்டல்ல வேணும்னா சிவப்பு ஸ்லைடரைக் கீழ, நீலத்தைக் கொஞ்சம் மேல. எல்லாரும் பண்றதுக்கு நேர் எதிரு.

பிக்சல்பாண்டி:
இப்பதான் போன வருஷ டின்டர்ன் ஃபைல் ஒண்ணைத் திறந்து நீங்க சொன்ன மாதிரி சிவப்பைக் கீழ இறக்கிப் பாத்தேன். யோவ்! சுவருல இவ்ளோ இருந்துச்சா. ஆனா வானம் செத்துப் போச்சு. வானத்தை வெட்டிட்டேன், இப்ப தேவலை. இன்னும் என் கட்சியை விட்டுக் குடுக்கல, பஞ்சுப்பொதி மாதிரி நல்ல குமுலஸ் மேகம் இருக்கற நாள்ல ஆரஞ்சுதான்.

சாம்பல்பூனை:
நானும் செஞ்சு பாக்கறேன் இன்னிக்கு ராத்திரி. இன்னொரு டவுட்டு. ஃபவுண்டன்ஸ்ல அந்த நீளமான நிலவறைக் கூடம் இருக்குல்ல, வளைவு மேல வளைவா போகுமே, அங்க ட்ரைபாட் வச்சு எஃப்பி4ல எடுத்தேன். மீட்டர் சொன்ன நேரத்தையே குடுத்தும் நெகட்டிவ் மெலிசா வந்திருக்கு. டிஜிட்டல்ல எடுத்தது ஓகே.

இருட்டறைவாசி:
அது செல்லேரியம், மேற்குப் பகுதியோட கீழ்த்தளம், 300 அடிக்கும் மேல நீளம். அங்க அடிக்கற வெளிச்சத்துல லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப்/16 வச்சா எக்ஸ்போஷர் சர்வசாதாரணமா பத்து செகண்டைத் தாண்டும். நீண்ட நேரத்துல ஃபிலிமுக்குச் சுரணை குறையும். இல்ஃபோர்ட்காரங்க குடுத்திருக்கற கணக்குப்படி எஃப்பி4க்கு மீட்டர் நேரத்தை 1.26 அடுக்குக்கு ஏத்தணும், அதாவது மீட்டர் 10 செகண்ட் சொன்னா 18 குடுக்கணும், 30 சொன்னா 70க்கு மேல குடுக்கணும். டிஜிட்டலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனாலதான் அது சரியா வந்திருக்கு. நேரத்தைக் கூட்டும்போது கான்ட்ராஸ்ட்டும் கொஞ்சம் ஏறும், கூடத்தோட கடைசில வாசல் வெளிச்சம் வேற கொளுத்தும், அதனால டெவலப் நேரத்தை பத்து பதினஞ்சு சதவீதம் குறைச்சுக்கோங்க.

பொதுவா அபேல மீட்டர் பாக்கறது இப்படி. ஃபிலிம்னா எந்த நிழல்ல உளித்தடம் தெரியணுமோ அங்க ஸ்பாட் மீட்டரை (சின்ன இடத்தை மட்டும் அளக்கற மீட்டர்) வச்சு, அது சொல்றதுலேருந்து ரெண்டு ஸ்டாப் குறைச்சு எடுங்க, வானத்தை டெவலப்ல பாத்துக்கலாம். ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் கணக்குல, அதாவது கறுப்புலேருந்து வெள்ளை வரைக்கும் படிப்படியா பிரிக்கற முறைல, அது மூணாவது ஸோன். டிஜிட்டல்னா தலைகீழ், ஜன்னலுக்குள்ள தெரியற வானம் வெடிக்காமப் பாத்துக்கிட்டு நிழலை அப்புறம் ஏத்தணும். ஃபில்டர் போட்டிருந்தா நிழலை ஃபில்டர் வழியா அளங்க, டப்பாவுல போட்டிருக்கற ஸ்டாப் கணக்கு வெயில்ல இருக்கற பொருளுக்குத்தான் சரி, நீல நிழலுக்கு அது பத்தாது.

சும்மாவந்தேன்:
எனக்கு ஒரு கேள்வி. எந்த அபேல எடுத்தாலும் எனக்குத் தூணெல்லாம் பின்னாடி சாயுது. சாஃப்ட்வேர்ல நிமித்தினா மேல குச்சியா நீண்டு போகுது.

பிக்சல்பாண்டி:
கேமராவை மேல தூக்கினாத்தான் சாயும். மட்டமா வச்சு எடுங்க, கீழ தேவையில்லாத புல்லு நிறைய வரும், அதை வெட்டிடுங்க. அகலமான லென்ஸ் இருந்தா மெகாபிக்சலை இப்படிச் செலவு பண்றதுல தப்பே இல்ல. இல்ல கேமராவைத் தூக்காமலே காட்சியை மேல நகர்த்தற ஷிஃப்ட் லென்ஸ், அது சொத்தை எழுதிக் கேக்கும். இன்னொரு வழி தள்ளிப் போறது, ரீவோக்கு மேல குன்றுல 18ஆம் நூற்றாண்டுல போட்ட ஒரு நீள மேடை இருக்கு, அபேயைப் பாக்கறதுக்குன்னே மரத்துக்கு நடுவுல இடைவெளி விட்டு வச்சிருக்காங்க, அங்கேருந்து டெலிஃபோட்டோல எடுத்தா கோடெல்லாம் நேரா நிக்கும், வானமும் வராது. அதுக்கு நுழைவுக்கட்டணம் தனி, அபே இங்கிலிஷ் ஹெரிடேஜ் கைல, மேடை நேஷனல் டிரஸ்ட் கைல.

செவ்வொளி:
ட்ரோன்ல தூக்கி எடுக்கலாம்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், ரெண்டு அமைப்புமே தங்கள் இடத்துல முன் அனுமதி இல்லாம ட்ரோன் விட மாட்டாங்க.

அப்புறம் அக்காவுக்கு ஒரு பதில் பாக்கி. பேய் வீடுன்னு சொன்னீங்க. எல்லா இன்ஃப்ராரெட்டும் அப்படி இல்ல. கறுப்பு வானத்தை விட்டுட்டு, சுவருக்குள்ள மட்டும் எடுத்துப் பாருங்க, புல்லு வெள்ளையானதும் அந்தத் தரை ஒரு வெளிச்சம் மாதிரி வேலை செய்யும், வளைவோட அடிப்பக்கம் பூரா அந்த வெள்ளையோட பிரதிபலிப்பு ஏறி உள்வேலைப்பாடு தெரியும். சாதாரண வெளிச்சத்துல புல்லு அதைச் செய்யாது.

கல்வெட்டுக்காரி:
இது நான் யோசிக்காத கோணம். வளைவோட அடிப்பக்கம் எப்பவுமே இருட்டா போறதுதான் என் ஆவணப் படங்கள்லயும் தலைவலி. உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்தா போடுங்க செவ்வொளி, பாக்கணும். பேயை மட்டும் வெளில விட்டுட்டு வாங்க.

செவ்வொளி:
இருக்கு அக்கா, நெகட்டிவைத் தேடி ஸ்கேன் பண்ணிப் போடறேன். பேய் கியாரண்டி இல்ல.

சாம்பல்பூனை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து ராத்திரி ஃபவுண்டன்ஸ் ஃபைலை எல்லாம் திரும்ப எடுத்தேன், வானம் இருக்கற ஃப்ரேமை ஒதுக்கிட்டு, சிவப்பு கீழ நீலம் மேலன்னு வச்சா கல்லு தனியா வந்துடுச்சு, புல்லும் கொஞ்சம் வெளிச்சமாச்சு. ரீவோ வெயில் படம் மட்டும் என்ன பண்ணாலும் தட்டைதான், அது நேரம் தப்பு, திரும்பப் போகணும், இந்த தடவை குளிர்காலத்துல, மதியம். கடைசியா ஒண்ணு: ஃபிலிம் கேமராவுக்கு இப்ப ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும். ஆரஞ்சா பச்சையா? சிவப்பைக் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க.

பிக்சல்பாண்டி:
ஆரஞ்சு. கண்ண மூடிட்டு ஆரஞ்சு.

இருட்டறைவாசி:
ரீவோக்கு குளிர்காலத்துலன்னா பச்சை தம்பி. அங்க கல்லு மஞ்சள் கலந்த மணற்கல், சாய்வு வெயில்ல ஏற்கெனவே வெளிச்சமாத்தான் இருக்கும், ஆரஞ்சு போட்டா இன்னும் வெளுத்து வெயில் பட்ட பக்கம் வெடிக்கும், நிழல் பக்கம் நீலத்துல இருக்கறதால கறுக்கும், நடுவுல ஒண்ணும் மிஞ்சாது. பச்சை கல்லைக் கொஞ்சம் இறக்கி வைக்கும், நிழல்லயும் ஆரஞ்சு அளவு கை வைக்காது. வானம் பச்சைலயும் லேசாக் கறுக்கும், பாண்டி பாத்து ஆறுதல் பட்டுக்கலாம். ரெண்டு ஸ்டாப் போறதால எஃப்பி4ஐ வச்சுக் கையில எடுக்கறது கஷ்டம், அதைவிட வேகமான எச்பி5 ஃபிலிம் போட்டுக்கோங்க, இல்ல ட்ரைபாட் அனுமதி உண்டான்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. லென்ஸ் முகப்பு அளவு 49 மில்லிமீட்டரா 52ஆன்னு பாத்துட்டு வாங்குங்க, பழைய லென்ஸ்ல மாறும்.